வெயிலை முதுகுல வாங்கு

முதல்லயே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். என்கிட்ட இருக்கற கேமரா என்னோடது இல்லை. ராமேஸ்வரத்துல இருக்கற என் மாமாவோடது. கேனன் 1200டி, கூடவே ஒரு 55-250 லென்ஸ். பொண்ணு பிறந்த புதுசுல ஆசையா வாங்கி, மொட்டை, காதுகுத்து வரைக்கும் எடுத்துத் தள்ளிட்டு, அப்புறம் எல்லாரும் போன்லயே எடுக்க ஆரம்பிச்சதும் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டார். "சும்மாதான மாப்ள கெடக்கு, நீ கொண்டு போயி ஏதாச்சும் எடு"ன்னு கையில குடுத்தப்ப எனக்குத் தலைகால் புரியலை. பெரிய லென்ஸ், கறுப்புப் பை, கழுத்துல பட்டை. அந்த நிமிஷமே நான் ஒரு போட்டோகிராபர்!

எதை எடுக்கறதுன்னு யோசிச்சப்ப மாமா சொன்ன யோசனைதான் தனுஷ்கோடி. "அங்க ஜனவரியில பறவை அள்ளும்டா." சரின்னு பொங்கல் லீவுல கிளம்பிட்டேன்.

தனுஷ்கோடி தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ராமேஸ்வரம் தீவோட தென்கிழக்கு மூலையில இருந்து ஒரு வால் மாதிரி நீண்டுக்கிட்டே போற மணல் திட்டு. ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. ஊர்க்காரங்க சாதுவா இருக்கற முதல் கடலைப் பெண் கடல்னும், ஆர்ப்பரிக்கற ரெண்டாவது கடலை ஆண் கடல்னும் சொல்வாங்க. 1964 டிசம்பர் புயல்ல ரயிலோட சேர்த்து ஊரே போச்சு. இடிஞ்ச சர்ச்சும் ஸ்டேஷன் சுவரும்தான் மிச்சம். முன்னாடியெல்லாம் மணல்ல ஓடற வேன்ல குலுங்கிக் குலுங்கித்தான் முனைக்குப் போகணும். 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்துட்டாங்க. அதனால விடியக்காலம் மாமாவோட டிவிஎஸ்லயே போயிடலாம்.

போனேன். பறவைன்னா பறவை, அப்படி ஒரு பறவை. அலை பின்வாங்கும்போது ஓடிப்போய்க் கொத்தி, அலை வரும்போது திரும்பி ஓடி வர்ற சின்னச் சின்ன உள்ளான்கள், உப்புக்கொத்திகள். சிட்டுக்குருவி சைஸுல இருக்கற கொசு உள்ளான். (இத்தனூண்டு உடம்பை வெச்சுக்கிட்டு அது ஆர்க்டிக் பக்கத்துல இருந்து பறந்து வருது, நான் மதுரையில இருந்து பஸ்ல வந்ததுக்கே முதுகுவலி.) கல்லையும் பாசியையும் மூக்கால புரட்டிப் பார்க்கற கல்திருப்பி. தள்ளி, கூட்டமா ஒரே திசையைப் பார்த்து நிக்கற ஆலாக்கள்.

சூரியன் அப்பதான் கடல்ல இருந்து எழுந்திரிச்சது. தங்கத் தண்ணி, தங்க மணல். 214 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து மாமா பொண்ணோட கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா...

எல்லாம் காக்கா.

நிஜமாத்தான். தங்கக் கடலுக்கு முன்னாடி கன்னங்கரேல்னு பொம்மை மாதிரி 214 காக்கா. எது உள்ளான், எது உப்புக்கொத்தின்னு எனக்கே தெரியலை. மாமா பொண்ணு எட்டிப் பார்த்துட்டு, "ஏன் மச்சான், இதுக்கு தனுஷ்கோடி எதுக்கு, நம்ம வீட்டு மாடியிலயே எடுத்திருக்கலாமே"ன்னு கேட்டா. வாழ்க்கையில வாங்கின பல்புகள்ல அது ஹண்ட்ரட் வாட்ஸ்.

ஏன் இப்படி ஆச்சுன்னு அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிச்சேன். கேமராவுக்குள்ள வெளிச்சத்தை அளக்கற மீட்டர் ஒண்ணு இருக்கு. அது ஒரு அப்பாவி. உலகத்துல எல்லாத்தையும் சராசரி பண்ணினா நடுத்தரமான சாம்பல் நிறம்தான் வரும்னு நம்பிக்கிட்டு இருக்கு. மரம், ரோடு, மனுஷங்கன்னு எடுக்கறவரைக்கும் அந்தக் கணக்கு ஓரளவு சரியா வரும். ஆனா கடற்கரையில சூரியனைப் பார்த்து நின்னு எடுத்தா ஃபிரேம்ல முக்கால்வாசி பளபளக்கற தண்ணி. "ஐயோ, ஓவர் வெளிச்சம்"னு அது பயந்து மொத்தத்தையும் இருட்டாக்கும். தண்ணி நல்லா வரும். நடுவுல நிக்கற பறவை, அதுவும் நமக்கு நிழல் பக்கத்தைக் காட்டிக்கிட்டு நிக்கறது, கரியாயிடும். கிளாஸ்ல நாலு பேர் நூறு மார்க் வாங்கினதால சராசரி ஏறிடுச்சுன்னு வாத்தியார் கடினமா திருத்தி மத்தவங்களை ஃபெயில் ஆக்கற கதைதான்.

அதுக்கு மருந்து எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். "நீ நினைக்கறதைவிட இன்னும் ஒரு ஸ்டாப் வெளிச்சமா எடுடா"ன்னு கேமராவுக்கு நாம உத்தரவு போடறது. ஒரு ஸ்டாப் ஏத்தினா வெளிச்சம் ரெண்டு மடங்கு. ஆகா, கண்டுபிடிச்சுட்டேன்னு மறுநாள் காலையில பிளஸ் ஒண்ணே முக்கால்ல வெச்சுக்கிட்டு மறுபடி போனேன்.

அன்னிக்குத்தான் பெரியவரைப் பார்த்தேன். ஆண் கடல் பக்கம் கரைவலை போடற கூட்டத்துல ஒருத்தர். இன்னும் வலை இழுக்க நேரமாகல போல, கடலைப் பார்த்து நின்னுட்டிருந்தார். நான் சூரியனுக்கு நேரா மண்டி போட்டு, கண்ணு கூசி, தண்ணி ஒழுக ஒழுக எடுக்கறதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துட்டுச் சொன்னார்.

"வெயில மூஞ்சில வாங்குனா என்னத்தப்பா தெரியும்? முதுகுல வாங்கு தம்பி. நாங்க மீனு மொய்ப்பு பாக்குறதே அப்படித்தான்."

அவ்வளவுதான். புக்கும் இல்லை, வீடியோவும் இல்லை. முனையை நோக்கி நடந்தா காலையில சூரியன் எதிர்ல. அதே பறவைக் கூட்டத்தை ரொம்பத் தள்ளிச் சுத்திக் கடந்து போய்ட்டு, திரும்பி நின்னுட்டா சூரியன் முதுகுல. இத்தனூண்டு விஷயம் எனக்கு 214 படம் எடுத்தும் உறைக்கலை. அந்த மணல் திட்டுக்கே பொதுவா ஒரு கணக்கு இருக்குன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. காலையில ஆண் கடல் ஓரம், சாயங்காலம் பெண் கடல் ஓரம். நிலத்துல நின்னு தண்ணியைப் பார்த்தா வெயில் பெரும்பாலும் நம்ம முதுகுலயோ தோள்லயோதான் விழும்.

அப்ப அன்னிக்குப் படம் நல்லா வந்துச்சான்னு கேட்டா, அதான் இல்லை. ஹி ஹி. பிளஸ் ஒண்ணே முக்கால்ல வெச்சதை மாத்த மறந்துட்டேன். முன்னாடி கரி, இப்ப சுண்ணாம்பு. ஆலாவோட வெள்ளை நெஞ்சுல ஒரு இறகுகூடத் தெரியலை, வெறும் வெள்ளைக் காகிதம். இங்க ஒரு விஷயம் கத்துக்கிட்டேன். இருட்டா எடுத்த படத்தை, அதுவும் 'ரா'வுல எடுத்திருந்தா, அப்புறம் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் தூக்கிடலாம். சொரசொரப்பு வரும், பரவாயில்லை. வெளுத்துப்போனதை மீட்கவே முடியாது. வெந்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்க முடியாத மாதிரி.

அதனால இப்ப நான் செய்யறது இது. முதுகுல வெயில், வெளுப்பு மணல் நிறைய தெரியுதுன்னா பிளஸ் அரை அல்லது முக்கால். கருநீலத் தண்ணிக்கு மேல வெள்ளை ஆலா பறக்குதுன்னா உல்டா, மைனஸ் முக்கால். ஒரு படம் எடுத்ததும் பின்னாடி ஸ்க்ரீன்ல ஹிஸ்டோகிராம், வெளுத்த இடம் மினுக்கற எச்சரிக்கை ரெண்டையும் பார்ப்பேன். வலது சுவத்துல போய் முட்டாம நிக்கணும், அவ்வளவுதான். நல்லா வெயில் ஏறிடுச்சுன்னா மீட்டரையே நம்பறதில்லை. ஐ.எஸ்.ஓ 400, எஃப் 5.6, ஷட்டர் 1/3200-ன்னு கையால வெச்சுட்டா தண்ணி, மணல், வானம்னு பின்னணி மாறினாலும் பறவை மாறாது. ஏன்னா பறவை மேல விழற வெயில் ஒண்ணுதான். ஓடற உள்ளானுக்கு குறைஞ்சது 1/1000 வேணும். விடியற நேரத்துல அது கிடைக்க ஐ.எஸ்.ஓவை 800, 1600-ன்னு ஏத்தித்தான் ஆகணும். சொரசொரப்பான கூர்மையான படம், வழுவழுப்பான கலங்கின படத்தைவிட எவ்வளவோ மேல்.

ஒன்பது மணிக்கு மேல மணல் சுட ஆரம்பிச்சு கானல் கிளம்பிடும். அப்புறம் எவ்வளவு பெரிய லென்ஸ் இருந்தாலும் தூரத்துப் பறவை தண்ணிக்குள்ள தெரியற மாதிரி நெளியும். மூட்டையைக் கட்டிடலாம். இன்னொண்ணு, நின்னுக்கிட்டு எடுக்காதீங்க. பழைய பேன்ட் கால் ஒண்ணை வெட்டி, அரிசியைக் கொட்டித் தைச்சு, அது மேல லென்ஸை வெச்சு, குப்புறப் படுத்துடுங்க. பறவையோட கண் மட்டத்துக்கு நாம போனா பின்னணி தூரமாகி மங்கிடும், படம் ஆடாது. சட்டைக்குள்ள மணல் மட்டும் மூணு நாளைக்கு இருக்கும்.

நிற்க. இனிமேத்தான் நான் சொல்ல வந்த விஷயமே.

ஊருக்குத் திரும்பினப்புறம், எடுத்தது என்ன பறவைன்னு தேடிட்டிருந்தேன். அப்பதான் ஹனுமான் ப்ளவர் கண்ணுல பட்டது. உப்புக்கொத்தி வகையில ஒண்ணு. இலங்கையிலயும் தென்னிந்தியாவிலயும் இருக்கறது. 1915-லயே விவரிச்சு வெச்சிருக்காங்க, ஆனா ரொம்ப காலமா கென்டிஷ் ப்ளவரோட ஒரு கிளையினம்னே கணக்கு. 2023-ல வெளியான ஆய்வுல டி.என்.ஏவையும் உடல் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்து, இது தனி இனம்னு சொன்னாங்க. ராமர் பாலம்னு நாம சொல்ற மணல் திட்டு ரெண்டு நாட்டையும் சேர்க்கற மாதிரி இந்தப் பறவையும் ரெண்டு கரையிலயும் இருக்கறதால ஹனுமான் பேர். அந்தத் திட்டு ஆரம்பிக்கற முனையிலதான நான் குப்புறப் படுத்திருந்தேன்!

எப்படிப் பிரிச்சுச் சொல்றது? குஞ்சு பொரிக்கற காலத்து ஆண் கென்டிஷ் ப்ளவருக்கு அலகுக்கும் கண்ணுக்கும் நடுவுல கறுப்புக் கோடு இருக்கும். ஹனுமானுக்கு அந்த இடம் வெளுப்பு. வெறும் அரை சென்டிமீட்டர் சமாச்சாரம். என் 214 படத்தையும் திரும்பத் திறந்து பார்த்தேன். எல்லாத்துலயும் முகமே கறுப்பு. அப்புறம் வெளுத்த படங்களைத் திறந்தேன். எல்லாத்துலயும் முகமே வெளுப்பு. அழகுக்காக மட்டும் வெளிச்சம் சரியா இருக்கணும்னு நினைச்சிருந்தேன். அந்தப் பறவை யாருன்னு சொல்றதுக்கே அது வேணும்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

செமஸ்டர் முடிஞ்சு மே மாசம் மறுபடி போனேன். வடக்கே இருந்து வந்த கூட்டமெல்லாம் அதுக்குள்ள திரும்பிப் போயிருக்கும், இங்கயே தங்கிப் பொரிக்கறதுதான் இருக்கும்னு ஒரு கணக்கு. காலேஜ்ல போட்டோகிராபி கிளப் கண்காட்சி வேற ஆகஸ்ட்ல இருந்தது. இந்தத் தடவை விடக்கூடாது.

மூணாவது நாள் கிடைச்சது. எட்டரை மணி இருக்கும். ஆண் கடல் பக்கம், அலை தொடாத காய்ஞ்ச மணல். ஒத்தை ப்ளவர். வெயில் சரியா என் முதுகுல. கானல் இன்னும் வரலை. படுத்தேன். அது ஓடலை! வழக்கமா அம்பது அடியிலயே பறந்துடற பறவை இருபது அடியில நிக்குது. நான் கொஞ்சம் நகர்ந்தா அதுவும் கொஞ்சம் நகருது. அப்புறம் ஒரு பக்கத்து இறக்கையை விரிச்சு மணல்ல இழுத்துக்கிட்டு, வாலை விசிறி மாதிரி விரிச்சு, சாய்ஞ்சு சாய்ஞ்சு போச்சு. கத்திக்கிட்டே இருந்தது. எனக்கு அதெல்லாம் காதுல விழலை. கண்ணுல வெளிச்சம் ஒரு புள்ளியா மின்னுது, ஒவ்வொரு இறகும் தனியாத் தெரியுது, அலகுக்கும் கண்ணுக்கும் நடுவுல சுத்தமான வெளுப்பு. ஹனுமான்! கை நடுங்குது. எடுத்துக்கிட்டே முழங்காலால தவழ்ந்து பின்னாலயே போனேன். அது திரும்பி வந்து வேற பக்கமா இழுத்துட்டுப் போச்சு. நானும் திரும்பினேன். ஒரு பத்து நிமிஷம் இருக்கும்.

"ஏய்! ஏப்பா தம்பி! அப்படியே நில்லு. காலத் தூக்காத!"

பெரியவர்தான். வலைப் பக்கத்துல இருந்து வேகமா வந்தார். பக்கத்துல வந்து கையைக் காட்டினார். என் இடது முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி, மணல்ல உள்ளங்கை அளவு குழி. அதுக்குள்ள ரெண்டு முட்டை. மணல் நிறம், மேல கறுப்புப் புள்ளி. அவர் காட்டின அப்புறமும் எனக்கு ரெண்டு தடவை பார்த்தாத்தான் தெரிஞ்சுது.

"அது ஒனக்கு ஆட்டம் காட்டுதுன்னு நெனச்சியா? ஒன்ன இங்கேருந்து கூட்டிப் போவுது. வெயில்ல மண்ணு கொதிக்கிது, முட்ட அவிஞ்சிராது?"

என்ன சொல்றதுன்னு தெரியலை. "தெரியாது அய்யா"ன்னேன்.

"தெரியாமத்தான் எல்லாரும் மிதிக்கிறான். வா, வந்த தடத்துலயே கால வச்சு வா."

நடக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் நடந்தது, அதையும் சொல்லிடறேன். கேமரா கையில இருந்தது. முட்டை காலடியில. வெளிச்சம் அருமை. ஒரே ஒரு கிளிக், ஒரு செகண்ட். கண்காட்சியில பறவை படம் பக்கத்துலயே முட்டை படம். விரல் பட்டன் மேல போயிடுச்சு. பெரியவர் ஒண்ணும் சொல்லலை, என்னைப் பார்த்துட்டு மட்டும் நின்னார். கொஞ்சம் தள்ளி அந்தப் பறவை இன்னும் இறக்கையை இழுத்துக்கிட்டே இருந்தது. நான் லென்ஸ் மூடியைப் போட்டேன். நல்லவன்கறதால இல்லை. அவர் பார்த்துட்டு இருந்ததால.

நூறடி தள்ளி வந்து உக்காந்தோம். வாட்சைப் பார்த்தேன். பறவை உடனே வரலை. கொஞ்சம் ஓடும், நிக்கும், நம்ம பக்கம் பார்க்கும், சும்மா எதையோ கொத்தற மாதிரி நடிக்கும். பதினாலு நிமிஷம் ஆச்சு அது குழி மேல வந்து நிக்க. உக்காரலை, நின்னுச்சு. முட்டை மேல நிழல் விழற மாதிரி. இந்த வகைப் பறவைகள் வெயில் காலத்துல முட்டையைச் சூடாக்கறதைவிட, சூடாகாமப் பார்த்துக்கத்தான் படாதபாடு படும்னு அப்புறம் படிச்சேன். சில சமயம் போய் வயித்து இறகைத் தண்ணியில நனைச்சுட்டு வந்து முட்டை மேல உக்காருமாம். நான் எடுத்துட்டிருந்த பத்து நிமிஷம், அது வர்றதுக்கு ஆன பதினாலு நிமிஷம். அந்த மணல்ல செருப்பில்லாம என்னால ஒரு நிமிஷம் நிக்க முடியலை.

நான் நாலு மாசமா வெளிச்சத்தை மட்டும்தான் படிச்சிருக்கேன். அந்த வெளிச்சத்துல எதிர்ல இருக்கறது என்ன பண்ணுதுன்னு பார்க்கவே இல்லை. சூரியனைப் பார்த்து நின்னதால ஜனவரியில எனக்குப் பறவை தெரியலை. மே மாசம் வெயில் முதுகுலதான் இருந்தது. அப்பவும் தெரியலை.

முட்டை பொரிச்சுதான்னு கேப்பீங்க. தெரியாது. நான் மறுபடி அந்தப் பக்கம் போகலை. காலடித் தடத்தைப் பிடிச்சுக்கிட்டே நாய் வரும், காக்கா மேல இருந்து பார்த்துட்டே இருக்கும்னு பெரியவர் சொல்லிட்டார். அவர் மட்டும் வலை இழுக்கறப்ப அந்தப் பக்கம் கயிறு போகாமப் பார்த்துக்கறேன்னார்.

அந்தப் படங்கள் இன்னும் என்கிட்ட இருக்கு. இதுவரைக்கும் நான் எடுத்ததுலயே கூர்மையான படங்கள். பறவைகள் பத்தித் தெரிஞ்ச சீனியர் ஒருத்தர்கிட்ட காட்டினேன், பார்த்ததும் "ஹனுமான்தான்"னு சொல்லிட்டார். அந்த வகையில அது உபயோகமான படம், மறுக்க முடியாது. ஆனா இறக்கையை விரிச்சு நிக்கற அந்தப் படத்தைக் கண்காட்சிக்குக் குடுக்க மனசு வரலை. பார்க்கறவங்க "வாவ், என்ன போஸ்"னு சொல்லுவாங்க. அது போஸ் இல்லைன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் நான் விளக்கிட்டிருக்க முடியாது. அதனால ஜனவரியில ஒரு சாயங்காலம் பெண் கடல் ஓரத்துல, தூரத்துல இருந்து எடுத்த கல்திருப்பி படத்தைக் குடுத்தேன். சுமாரான படம்தான். பரிசெல்லாம் ஒண்ணும் கிடைக்கலை. மாமா பொண்ணு மட்டும் பார்த்துட்டு, "பரவாயில்லை மச்சான், இது காக்கா இல்லைன்னு தெரியுது"ன்னா :)

பி.கு: மார்ச்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கடற்கரையில காய்ஞ்ச மணல்ல நடக்காம ஈர மணல்லயே நடங்க. ஒரு சின்னப் பறவை பறக்காம உங்க முன்னாடியே நொண்டி நொண்டி ஓடுதுன்னா, கேமராவைக் கீழ இறக்கிட்டு, முதல்ல உங்க காலடியைப் பாருங்க. வந்த தடத்துலயே திரும்பிப் போங்க. வெளிச்சம் நாளைக்கும் வரும்.